எது கஷ்டம், ஏ லெவலா பிளஸ் டூவா? ஒரு வருடம் போன பிறகு எழுதுகிறேன்

பத்தாவது முடிந்ததும் எல்லா வீடுகளிலும் நடக்கும் பேச்சுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. பையன் ஐஜிசிஎஸ்இ, அதாவது கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்தான். அதே பள்ளியில் பிளஸ் டூவுக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஏ லெவலைத் தொடர்வதா, மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறி பிளஸ் டூ எழுதுவதா? தெரிந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எது கஷ்டம்? "ஏ லெவல் படிச்ச பையனுக்கு ஜேஇஇ எல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றார் ஒருவர். "ஸ்டேட் போர்டுல சென்டம் வாங்கினா சீட் தானா வரும்" என்றார் இன்னொருவர். இதையெல்லாம் நம்பி, ஏ லெவலையும், ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇயின் கோச்சிங்கையும் சேர்த்துப் பிடித்தோம். முடிவில் ஒரு முழுக் கல்வியாண்டு போயிற்று. திரும்பக் கட்டிய தேர்வுக் கட்டணம், கூடுதல் வருடத்துக்கான கோச்சிங், கணக்குக்குத் தனி டியூஷன் என்று 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் பெட்டி கட்டிய மாதத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் பணத்தைவிட அதிகம் வலித்தது. அவன் படிக்காமல் அது நடக்கவில்லை. எனக்கு விவரம் தெரியாமல் நடந்தது. அதனால் எங்கள் கதையை இத்தோடு விட்டுவிட்டு, அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விவரங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் "கஷ்டம்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இயற்பியலில் யங் இரட்டைப் பிளவு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ, ஏ லெவல், ஜேஇஇ மூன்று தேர்விலும் வரும் பாடம்தான். தமிழ்நாடு பிளஸ் டூ வினாத்தாளில் அது பெரும்பாலும் 5 மதிப்பெண் கேள்வி: பட்டை அகலத்துக்கான கோவையைப் பெறுக. படம், பாதை வேறுபாடு, ஒவ்வொரு படி, கடைசிச் சமன்பாடு என்று புத்தகத்தில் உள்ள வரிசையில் பிசிறில்லாமல் எழுத வேண்டும். கேம்பிரிட்ஜ் இந்த வருவித்தலைக் கேட்பதில்லை. அளவுகளைக் கொடுக்கும், அலைநீளத்தைக் கணக்கிடச் சொல்லும். பிறகு ஒரு கொக்கி போடும்: ஒரு பிளவின் வழியே வரும் ஒளியின் செறிவை மட்டும் குறைத்தால் திரையில் என்ன மாறும்? பொலிவுப் பட்டை மங்கும், கரும்பட்டை முழுக் கருப்பாக இராமல் சற்று வெளிச்சமாகும், பட்டைகளுக்கு இடையிலான தூரம் மாறாது. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால்தான் முழு மதிப்பெண். "வெளிச்சம் குறையும்" என்று பொதுவாக எழுதிய பிள்ளைக்கு மிஞ்சினால் ஒன்று. ஜேஇஇயோ, ஒரு பிளவுக்கு முன்னால் கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு மையப் பட்டை எத்தனை பட்டை அகலம் நகரும் என்று எண்ணில் கேட்கும். கால்குலேட்டர் கிடையாது, தவறினால் ஒரு மதிப்பெண் கழியும். ஆக, ஒரே பாடத்தில் முதலாவது நினைவையும் எழுத்தின் ஒழுங்கையும் பார்க்கிறது, இரண்டாவது புரிதலையும் சொல்லின் துல்லியத்தையும் பார்க்கிறது, மூன்றாவது வேகத்தையும் கணக்குப் பழக்கத்தையும் பார்க்கிறது. ஒன்றில் கெட்டிக்காரனாக இருப்பவன் அடுத்ததில் திணறுவது இயல்பு. பிள்ளையிடம் குறை தேடாதீர்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வி 15, இரண்டு மதிப்பெண்ணில் 9 கொடுத்து 6 எழுதச் சொல்வார்கள், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து கேள்விக்கும் 'அல்லது' உண்டு. தேர்ந்தெடுக்கும் வசதி இவ்வளவு இருக்கிறது. 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும் மட்டும் கட்டாயம். பெரும்பாலும் அங்கேதான் கணக்கை வைப்பார்கள், புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவதும் அங்கேதான். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் இயற்பியலில் ஐந்து தாள்கள். முதல் தாள் 40 கொள்குறிக் கேள்விகள், 75 நிமிடம். இரண்டாவது 60 மதிப்பெண், 75 நிமிடம். மூன்றாவது செய்முறை, 40 மதிப்பெண், 2 மணி நேரம். நான்காவது 100 மதிப்பெண், 2 மணி நேரம். ஐந்தாவது சோதனையைத் திட்டமிடுதலும் பகுப்பாய்வும், 30 மதிப்பெண், 75 நிமிடம். எந்தத் தாளிலும் சாய்ஸ் இல்லை. நான்காம் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றேகால் நிமிடம்கூட இல்லை. ஒரு பாடத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்ற கணக்கு இங்கே நடக்காது. மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வருகிற பிள்ளை முதலில் அடிபடுவது இந்த இடத்தில்தான். பாடம் தெரியும், ஆனால் கடைசி 15 மதிப்பெண்ணுக்குக் கை போய்ச் சேராது. பதினொன்றாம் வகுப்பு முதல் நாளிலிருந்தே கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள் எழுதப் பழக்க வேண்டும்.

பழைய வினாத்தாள் என்றதும் ஒரு சிறு குறிப்பு. கேம்பிரிட்ஜ் ஒரே தேர்வுப் பருவத்தில் உலகின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு வடிவ வினாத்தாள்களைத் தருகிறது. இந்தியாவில் எழுதப்படும் மார்ச் பருவத் தாள்களின் எண் 12, 22, 42 என்று 2இல் முடியும். எந்த வடிவத்தை எடுத்துப் பயிற்சி செய்தாலும் பலன் உண்டு. கடைசி ஒரு மாதத்துக்கு மட்டும் மார்ச் பருவத் தாள்களை உடைக்காமல் ஒதுக்கி வையுங்கள். விடைக்குறிப்பும் சேர்ந்தே கிடைக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வெற்றி. கணிதத்தில் எம் என்றால் முறைக்கான மதிப்பெண், ஏ என்றால் விடையின் துல்லியத்துக்கு, பி என்றால் தனித்து நிற்கும் மதிப்பெண். விடையை மூன்று முக்கிய இலக்கங்களுக்குத் தர வேண்டும், பாகையில் கோணம் என்றால் ஒரு தசம இலக்கம். நடுவிலேயே எண்ணைச் சுருக்கிவிட்டால் கடைசி விடை தவறிப் போகும், முறை முழுக்கச் சரியாக இருந்தும் அந்த ஏ மதிப்பெண் போகும். கால்குலேட்டரின் நினைவில் முழு எண்ணையும் வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் சுருக்குவது பழக்கமாக வேண்டும். 'கூறு', 'விவரி', 'விளக்கு' ஆகிய மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. 'விவரி' என்ற கேள்விக்குக் காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் ஒன்றும் கிடைக்காது. 'விளக்கு' என்ற கேள்விக்கு நடப்பதை மட்டும் எழுதினால் பாதிதான்.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும் பெரிய குழப்பம் இருக்கிறது. பிளஸ் டூவில் 100க்கு 95 வாங்கினால் அது 95தான். கேம்பிரிட்ஜில் தேர்வு முடிந்த பிறகு, தாளின் கடினத்தைப் பார்த்து கிரேடு எல்லையை வைக்கிறார்கள். இயற்பியலில் எடுத்த மதிப்பெண் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தும் ஏ கிடைத்த பருவங்கள் உண்டு. அந்தக் கிரேடைச் சீரான சதவீதமாக மாற்றித் தருவார்கள்: ஏ ஸ்டார் என்றால் 90க்கு மேல், ஏ என்றால் 80 முதல் 89, பி என்றால் 70 முதல் 79, இப்படி. பள்ளியில் வைக்கும் தேர்வில் 68 வாங்கிய பிள்ளையைப் பார்த்துப் பிளஸ் டூ கண்ணோடு திட்டாதீர்கள். அது நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 86 சதவீதம், கேம்பிரிட்ஜில் ஒரு நல்ல ஏ. மூன்று பாடத்திலும் அதை வாங்கினால் கட்-ஆஃப் 172. மேலே சென்டம் வாங்கியவர்களும் 98, 99 வாங்கியவர்களும் நிற்கிறார்கள். கலந்தாய்வில் வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணைச் சமன்செய்ய ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் அதிகபட்சத்துக்குச் சமமாக வைத்து மற்றவர்களுடையதை அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். உச்சியில் இருப்பவர்கள் ஏற்கெனவே 100ஐத் தொட்டுவிட்டால் இந்த முறையால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் கூடாது.

இதைச் சொல்வதால் மாநிலப் பாடத்திட்டம் சுலபம் என்று ஆகிவிடாது. தேர்ச்சி மதிப்பெண் 35 என்பது தாண்டக்கூடிய வேலிதான். மேலே போகப் போகத்தான் அதன் கஷ்டம் தெரியும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃப் ஒன்று குறைகிறது, இயற்பியலில் ஒன்று குறைந்தால் அரை குறைகிறது. அந்த அரைக்குள் பெருங்கூட்டம் நிற்கும். கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பிறந்த தேதி, ரேண்டம் எண் வரை போவார்கள். மூன்று மணி நேரம் ஒரு சிறு பிழைகூட இல்லாமல் எழுதுவது தனித் திறமை. அலகு விட்டுப்போவது, படத்தில் அம்புக்குறி மறப்பது, வினா எண்ணை மாற்றி எழுதுவது, இவற்றில்தான் சென்டம் 97 ஆகிறது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் நம்புகிறவர்களும் இங்கே ஏமாறுவார்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் சில பாடத்தின் உள்ளிருந்து வரும். பெட்டிச் செய்தி, எடுத்துக்காட்டுக் கணக்கு எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தவருக்கே முழு மதிப்பெண்.

செய்முறையில் இரண்டு உலகமும் வெகுதூரம் தள்ளி நிற்கின்றன. பிளஸ் டூவில் மீட்டர் சமனச்சுற்று, நிறமாலைமானி, ஜீனர் டையோடு என்று பட்டியல் முன்பே தெரியும். ஆண்டு முழுக்க அதையே செய்து ரெக்கார்டு எழுதி, தேர்வில் சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு என்று எழுதலாம். கேம்பிரிட்ஜ் மூன்றாம் தாளில் பிள்ளை அதுவரை பார்த்திராத ஓர் அமைப்பு மேசையில் இருக்கும். ஒரு ஸ்பிரிங், ஒரு மர அளவுகோல், கொஞ்சம் களிமண், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் இரண்டு சோதனை. சரியான விடை வருவதற்குக் கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். அட்டவணைத் தலைப்பில் அளவும் அலகும் இருக்கிறதா, ஒரே கருவியில் எடுத்த எல்லா அளவீடும் ஒரே தசம இலக்கத்தில் இருக்கிறதா, வரைபடப் புள்ளிகள் தாளின் பாதிக்கு மேல் பரவியிருக்கின்றனவா, அச்சில் மூன்று மூன்றாகப் பிரிக்கும் அசௌகரியமான அளவுத்திட்டம் இல்லையா, கோட்டின் இருபுறமும் புள்ளிகள் சமமாக இருக்கின்றனவா, இவற்றுக்குத்தான் மதிப்பெண். பென்சில் முனை தடித்துப் புள்ளி பெரிதானாலும் போகும். ஐந்தாம் தாளில் உண்மையான கருவியே இருக்காது. ஒரு சோதனையை வடிவமைத்து எழுத 15, கொடுத்த தரவிலிருந்து பிழைக்கோடு வரைந்து, ஏற்கத்தக்க மிக மோசமான கோட்டையும் வரைந்து, பிழை வரம்பைக் கணக்கிட 15. இந்த இரண்டு தாளும் சேர்ந்து மொத்தத்தில் 23 சதவீதம். பள்ளி ஆய்வகத்தில் மாதம் இரண்டு முறையாவது புதுச் சோதனை செய்ய விடுகிறார்களா என்று சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் செய்முறை நடத்தும் பள்ளி என்றால் அந்த 23 சதவீதத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இனி எங்களை வீழ்த்திய இடத்துக்கு வருகிறேன். ஏ லெவலுக்கும் இந்திய நுழைவுத் தேர்வுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அது. கேம்பிரிட்ஜ் ஏ லெவல் கணிதத்தை வழக்கமான நான்கு தாள்களோடு, அதாவது தூய கணிதம் இரண்டு, இயக்கவியல் ஒன்று, நிகழ்தகவும் புள்ளியியலும் ஒன்று என்று எடுக்கும் பிள்ளை, அணிகளும் அணிக்கோவைகளும் படிப்பதில்லை. அவை மேல்நிலைக் கணிதம் என்ற தனிப் பாடத்தில் இருக்கின்றன. பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் கிடையாது. முப்பரிமாணத்தில் தளங்கள் கிடையாது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அணிகள்தான், ஐந்தாவது பாடம் அந்தக் கூம்பு வளைவுகள். ஜேஇஇயிலும் இவை நிச்சயம் வரும். இயற்பியலில் ஏ லெவலில் நிலைமத் திருப்புத்திறன் இல்லை, லென்சும் கண்ணாடியும் சார்ந்த கதிர் ஒளியியல் இல்லை, பெர்னௌலியும் பரப்பு இழுவிசையும் இல்லை. பதிலுக்கு மருத்துவ இயற்பியலும் அண்டவியலும் இருக்கின்றன, இவற்றை ஜேஇஇ கேட்பதே இல்லை. வேதியியலில் தனிம அட்டவணையின் 15 முதல் 18 வரையிலான தொகுதிகள், மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூல் அளவுக்கு விரிவாக இல்லை. நீட் எழுதப்போகிறவர்களுக்கு இதைவிடச் சிக்கல். ஏ லெவல் உயிரியல் உயிர்வேதியியலிலும் செல்லிலும் ஆழம். நீட்டோ விலங்குலக வகைப்பாடு, தாவர உள்ளமைப்பு என்று என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிகளையே கேள்வியாக்கும், 180 கேள்விக்கு 180 நிமிடம்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப எவ்வளவு காலம் வேண்டும்? அணிகள், கூம்பு வளைவுகள், முப்பரிமாண வடிவியல், சார்புகள் மட்டும் வாரம் ஆறு மணி நேரம் என்றால் நான்கு மாதம் ஆகும். இயற்பியல் விடுபாடுகளுக்கு மூன்று மாதம். ஐஜிசிஎஸ்இ தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்பு சூடுபிடிக்கும் வரை கிடைக்கும் இடைவெளியில் இதைத் தொடங்க வேண்டும். கோச்சிங் மையத்தில் "எல்லா போர்டுக்கும் ஒரே பேட்ச்" என்பார்கள். வகுப்பில் ஆசிரியர் "இது ஸ்கூல்ல பார்த்திருப்பீங்க" என்று தாண்டிப்போகும் இடங்கள் எல்லாம் ஏ லெவல் பிள்ளை பள்ளியில் பார்க்காதவை. விடுபட்ட பாடங்களின் பட்டியலை நீங்களே எழுதிக் கையில் கொடுத்து, இதற்குத் தனி வகுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கால்குலேட்டரையும் அன்றே பிரித்து வையுங்கள். பள்ளிப் பாடத்துக்கு உண்டு, ஜேஇஇ பயிற்சிக்குக் கிடையாது என்ற கண்டிப்பு வேண்டும்.

அடுத்தது 13 மாத விதி. ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் தேர்வைப் பதினொன்றாம் வகுப்பின் முடிவில் எழுதி, அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மீதியை மறு ஆண்டு எழுதலாம். ஆனால் அந்த ஏஎஸ் மதிப்பெண் 13 மாதத்துக்குள் எழுதும் தேர்வோடுதான் சேரும். மார்ச்சில் ஏஎஸ் எழுதினால் அடுத்த மார்ச் வரை சரி. ஜேஇஇ பயிற்சியில் பின்தங்கிவிட்டோம், மீதியை மே, ஜூன் பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று நினைத்தால் 15 மாதம் ஆகிவிடும். ஏஎஸ் சான்றிதழ் கையில் இருக்கும், ஆனால் முழு ஏ லெவலோடு அதைச் சேர்க்க முடியாது. முதல் தாள், இரண்டாம் தாள், செய்முறை எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும், எல்லாவற்றுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும். நாங்கள் தள்ளிவைத்தோம். மூன்று பாடத்துக்கும் முழுக் கட்டணத்தைத் திரும்பக் கட்டினோம். இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று எண்ணி எடுத்த முடிவு, ஒரு வருடப் படிப்பை மறுபடி தலையில் ஏற்றியது. அன்று இரவு அவன் ஒன்றும் பேசாமல் பழைய ஏஎஸ் நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினான். அதை என்னால் மறக்க முடியாது.

ஒத்திவைத்ததன் இரண்டாவது அடி, முடிவு வரும் தேதி. கேம்பிரிட்ஜ் மார்ச் பருவம் இந்தியாவுக்கு மட்டும் நடப்பது, அதன் முடிவு மே மாதத்தில் வரும். மே, ஜூன் பருவத்தின் முடிவு ஆகஸ்ட் நடுவில் வரும். அக்டோபர், நவம்பர் பருவத்துக்கு ஜனவரியில். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் முடிவதுதான் அண்மை ஆண்டுகளின் வழக்கம். 2024இல் தரவரிசைப் பட்டியல் ஜூலை 10 அன்று வந்தது, 2025இல் ஜூன் 27 அன்று. ஆகஸ்ட் நடுவில் மதிப்பெண்ணோடு வருபவருக்கு அங்கே இடமில்லை. நீட் மே முதல் ஞாயிறை ஒட்டி வரும், மே, ஜூன் பருவத் தேர்வுகளும் அதே வாரங்களில் ஓடிக்கொண்டிருக்கும். ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும். ஆகவே இந்தியாவில் கல்லூரி என்று முடிவு செய்தால் மார்ச் பருவம்தான் பொருத்தம். எல்லாப் பாடமும் மார்ச்சில் நடக்காது, எல்லாப் பள்ளியும் மார்ச்சில் எழுத விடாது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் "எங்கள் பிள்ளையின் பாடங்கள் எல்லாவற்றையும் மார்ச்சில் எழுதலாமா" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் மே, ஜூன் பருவம் போதும், செப்டம்பர் சேர்க்கைக்குக் கணக்காக இருக்கும்.

பாடங்களின் எண்ணிக்கையும் பிறகு வந்து கழுத்தைப் பிடிக்கும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று ஏ லெவல் போதும். ஐஐடி, என்ஐடி சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பின் 75 சதவீதத்தை ஐந்து பாடங்களை வைத்துப் பார்க்கிறார்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னொரு பாடம். ஜேஇஇயின் தகுதித் தேர்வுப் பட்டியலில் லண்டன், கேம்பிரிட்ஜ், இலங்கை ஏ லெவல்கள் பெயர் சொல்லியே இருக்கின்றன என்பதால் தகுதி உண்டு என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஐந்து பாடம் என்ற கேள்வி கடைசிச் சான்றிதழ் சரிபார்ப்பில் எழும். ஏஎஸ் அளவிலாவது ஆங்கிலம் ஒன்றையும் கணினி அறிவியல், பொருளியல் போன்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடும், அது கொடுக்கத் தகுந்த விலை. மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முழு ஏ லெவலாக இருக்கட்டும், ஆங்கிலமும் சான்றிதழில் இருக்கட்டும்.

கிரேடை எண்ணாக மாற்றிச் சமநிலைச் சான்றிதழ் வாங்கும் வேலையும் இருக்கிறது. நீண்ட காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்தான் இதைத் தந்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அயல்நாட்டுத் தகுதிகளை அங்கீகரிப்பதற்குப் புது விதிமுறைகளை வெளியிட்டது. அதனால் உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டில் எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, சேரப்போகும் கல்லூரியின் தகவல் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஐஜிசிஎஸ்இ சான்றிதழில் குறைந்தது ஐந்து பாடம் சி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தை அலட்சியமாக விட்டவர்கள் இரண்டு வருடம் கழித்து இங்கே மாட்டுவார்கள். சீரான சதவீதம் அச்சிட்ட முடிவு அறிக்கையைப் பள்ளியிடம் முத்திரையோடு இரண்டு பிரதி கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் எழுத்துக் கிரேடு மட்டும் இருந்தால் கட்-ஆஃப் கணக்கிடுகிறவர் என்ன எண்ணைப் போடுவார் என்பது உங்கள் கையில் இருக்காது.

பிளஸ் டூவுக்கு இணையான இன்னொரு சர்வதேசப் படிப்பான ஐபி டிப்ளமோ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு பாடம், ஒவ்வொன்றும் 7 புள்ளி, அறிவுக் கோட்பாடும் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்து 3 புள்ளி, மொத்தம் 45. தேர்ச்சிக்கு 24. எந்தத் தனித் தாளையும்விட, இரண்டு ஆண்டு முழுக்க ஓயாமல் வரும் கட்டுரைகளும் ஆய்வுகளும்தான் அதன் சுமை. ஜேஇஇ கோச்சிங்கை அதோடு சேர்த்து ஓட்டுவது மிக மிகக் கடினம். வழக்கமான டிப்ளமோவில் இரண்டு அறிவியல் பாடம்தான் எடுக்க முடியும். நீட் எழுத மூன்றும் வேண்டும் என்றால் வழக்கத்துக்கு மாறான டிப்ளமோவுக்குப் பள்ளி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பொறியியல் என்றால் கணிதத்தில் பகுப்பாய்வும் அணுகுமுறையும் என்ற பிரிவை உயர்நிலையில் எடுங்கள். முடிவு ஜூலை முதல் வாரத்தில் வருவதால் மாநிலக் கலந்தாய்வுத் தேதிகளோடு இதற்கும் இழுபறி உண்டு.

பிள்ளை ஏற்கெனவே பதினொன்றாம் வகுப்பில் ஏ லெவலில் இருந்தால் பதறி இப்போது வாரியம் மாற்ற வேண்டாம். ஏஎஸ் எழுதிய மாதத்தை ஒரு தாளில் குறித்து, அதிலிருந்து 13 மாதத்தை எண்ணிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு மேல் எதையும் தள்ளிவைக்காதீர்கள், ஒரு பாடத்தில் பி வந்தாலும் பரவாயில்லை. ஏஎஸ்ஸில் ஒரு பாடம் மோசமாக வந்திருந்தால் அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் பருவத்தில் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், அடுத்த மார்ச்சில் மீதியை முடிக்கலாம். முடிவு வந்ததும் தாள்வாரியாக மதிப்பெண் கேளுங்கள். கிரேடு எல்லைக்கு இரண்டு மூன்று மதிப்பெண் குறைவு என்றால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம், ஆனால் கேம்பிரிட்ஜில் மதிப்பெண் கூடவும் செய்யும் குறையவும் செய்யும். கேம்பிரிட்ஜுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், காலக்கெடுவும் குறுகியது. பிளஸ் டூவில் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, எந்தக் கேள்விக்குக் குறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். நகலுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிவு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும் என்பதால், முடிவு வரும் அன்றே பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள்.